முனியாண்டிக்கு ஒரு போத்தல் குதிரை

சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்களிடம் போய்ப் புஷ்பலதா என்று கேட்டால், "யாரு, வீரம்மா மகளா? சன்னாசியோட கடைக்குட்டிதானே?" என்பார்கள். ஈப்போ புந்தோங்கில் அதே பெயரைச் சொன்னால் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "ஓ, போத்தல் அக்காவா!" என்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். அந்தத் தோட்டத்துப் பெண் எப்படிப் போத்தல் அக்கா ஆனாள், அவள் செய்த கண்ணாடிக் குதிரையால் அவள் அண்ணனின் பூசாரி வேலை எப்படிப் போகப் பார்த்தது, கடைசியில் எல்லாருக்கும் எப்படி மூச்சு வந்தது என்பதுதான் கதை.

சன்னாசிக்கு இரண்டு தாரம். மூத்தவள் பிள்ளை இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் அவள் தங்கை வீரம்மாவையே கட்டி வைத்தார்கள். வீரம்மாவுக்கு மூத்தவன் சுகுமாரன். நடுவில் பிறந்தது தங்கவில்லை. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள் புஷ்பலதா. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே ரப்பர் பால் எடுக்கக் கித்தா மரம் சீவப் போய்விடுவார்கள். வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டில் இவளுக்குத் தலை வாரிவிட்டு, ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டிவிட்டவன் சுகுமாரன்தான். அவன் லோரி ஓட்டப் போன நாளில் இவள் லோரிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடியதை அந்த லயத்து ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டத்து முனியாண்டிக்கு முதலில் விளக்கு ஏற்றியவர் சன்னாசியின் அப்பா. அவருக்குப் பின் சன்னாசி. சன்னாசி கண்ணை மூடியதும் சுகுமாரன். வாரத்தில் மற்ற நாளெல்லாம் லோரி, வெள்ளிக்கிழமை சாமி. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

புஷ்பலதாவைச் சொந்தத்திலேயே கொடுத்தார்கள். மாப்பிள்ளை தர்மேந்திரன், வீரம்மாவின் அண்ணன் மகன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. உட்கார்ந்து காவல் காக்கிற வேலை என்பதால் அவனுக்கு வாய் மட்டும் ஓயாது. அவன் சம்பாத்தியம் போதாமல் புஷ்பலதாவும் வேலைக்குப் போனாள். சீனர் ஒருவரின் கண்ணாடிக் கடை. சன்னல் கண்ணாடி வெட்டுவது, ஓரம் தேய்ப்பது, மேசைக்கு வளைவுக் கண்ணாடி செய்வது. வளைக்கிறதற்கு அங்கே ஒரு பெரிய மின்சார அடுப்பு இருந்தது. ஒரு ஆள் கால் மடக்கிப் படுக்கலாம், அத்தனை பெரியது.

ஒருநாள் மேசைக் கண்ணாடியோடு ஒரு சோயாச் சாற்றுப் போத்தலையும் உள்ளே வைத்துப் பார்த்தாள். ஒரு வேடிக்கைக்குத்தான். மறுநாள் ஆறிய பிறகு திறந்தால், போத்தல் படுத்துத் தட்டையாகி, கழுத்து வால் போல நீண்டு கிடந்தது. முதலாளித் தவுக்கே எட்டிப் பார்த்துவிட்டு, "இக்கான் கெரிங்!" என்று சிரித்தார். கருவாடுதான் அது, அச்சு அசல். புஷ்பலதா அதற்கு ஒரு கண் ஒட்டி வீட்டில் மாட்டினாள். பார்த்தவர்கள் கேட்டார்கள். இன்னொன்று செய்தாள். அப்புறம் இருவாச்சிப் பறவை, தவளை, வாழைப்பூ. ஈப்போ பழைய டவுனில் காப்பிக் கடை வைத்திருப்பவர்கள் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். தவுக்கே வயதாகிக் கடையைச் சுருக்கியபோது, பின்கட்டையும் அடுப்பையும் அவளிடமே விட்டுவிட்டார்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுக் கண்ணாடி ஒரு துண்டு வாங்க மாட்டாள். சாயம் பூச மாட்டாள். பச்சை வேண்டுமென்றால் பச்சைப் போத்தல் கிடைக்கிறவரை காத்திருப்பாள். அடுப்பு நிறையச் சாமான் சேராமல் மின்சாரத்தைத் தட்ட மாட்டாள். போத்தல் கழுவுவது மழைத் தண்ணீரில். "காயிதத்துக்கு ஆள் வரான், தகரத்துக்கு ஆள் வரான். போத்தல மட்டும் சீந்துவாரில்ல. அது மண்ணுல கெடந்தா நம்ம பேரப்புள்ளைக்குப் பேரப்புள்ள கால்ல குத்தும்லா" என்பாள். தர்மேந்திரன், "மொதல்ல பேரப்புள்ள பொறக்கட்டும், அப்புறம் அதுக்குக் கால் மொளைக்கட்டும்" என்பான்.

இதெல்லாம் ஈப்போவில். அங்கே தோட்டத்தில் வேறொரு போத்தல் கதை நடந்துகொண்டிருந்தது.

தோட்டம் என்று சொல்கிறோமே தவிர, மரம் வெட்டி, லயம் இடித்து, பாதி செம்பனையாகி, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளாகிவிட்டது. முனியாண்டி மட்டும் ஓரமாய் ஒரு அரச மரத்தடியில் தப்பித்து நின்றார். ஆட்கள் எங்கெங்கோ சிதறினாலும் வேண்டுதலுக்கு அவரிடம்தான் வருவார்கள். வந்தால் மாலை, எலுமிச்சம்பழம், சுருட்டு, ஒரு போத்தல் பீர் அல்லது ஸ்டவுட் என்கிற கறுப்புப் பீர். மூடியைத் திறந்து சாமி முன்னால் வைப்பார்கள். பூசை முடிந்தால் போத்தல் கோயிலுக்குப் பின்னால் போகும். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போடக் கூடாது, பழைய சாமான்காரனுக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு பேச்சு. யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்கும் தெரியாது. ஆனால் எடுத்துப் போட ஒரு கையும் நீளவில்லை. சன்னாசி காலத்திலிருந்து சேர்ந்து சேர்ந்து, கோயிலுக்குப் பின்னால் கோயிலைவிட உயரமாக ஒரு போத்தல் மலை நின்றது.

மழை பெய்தால் ஒவ்வொரு போத்தலிலும் தண்ணீர். தண்ணீரில் கொசு. தாமான்காரர்கள் புகார் கொடுத்தார்கள். சுகாதார ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதை எடுக்காவிட்டால் கோயிலையே எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோயில் கமிட்டி அந்த அரச மரத்தடியிலேயே கூடியது. தலைவர் தனேஷ், சின்ன வயதுக் கொந்தரேட்டர். காளியம்மாவின் மகன். காளியம்மா அந்தக் காலத்தில் வீரம்மாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவள்.

"ஒரு லோரி பிடிச்சி குப்ப சம்பா கொட்ற எடத்துல தள்ளிரலாம்லா" என்றான் தனேஷ்.

"யாரு தள்றது? நீ தள்றியா?" என்றாள் காளியம்மா. "ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. சாமி பொருள்ல கைய வைக்காத."

வேறு யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த புஷ்பலதா எழுந்தாள்.

"அண்ணே, எனக்குக் குடுத்துருங்க. நான் வீசமாட்டேன். உருக்கி சாமிக்கே திருப்பிக் குடுத்துர்றேன்."

சுகுமாரன் திரும்பிப் பார்த்தான். "என்னவா குடுப்ப?"

அவள் சுற்றிப் பார்த்தாள். முனியாண்டிக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுக் குதிரை, என்றோ ஒரு லோரி பின்னால் வந்து இடித்ததில் முன்னங்கால் இல்லாமல் ஒரு கல்லில் சாய்ந்து நின்றது. "குதிரையா குடுக்கறேன்" என்றாள்.

"பீர் போத்தல்ல குதிரையா? நேரா நடக்குமாக்கா?" என்றான் தனேஷ். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் காரியம் முடிந்தது. சுகுமாரனே தன் லோரியில் போத்தல்களை ஏற்றி, ஈப்போவுக்கு வந்து இறக்கிக் கொடுத்தான். கொசு போயிற்று. கோயில் தப்பியது. தாமான்காரர்கள்கூட வந்து விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார்கள்.

குதிரைதான் லேசில் வரவில்லை. பச்சைப் பீர் போத்தலையும் கருஞ்சிவப்பு ஸ்டவுட் போத்தலையும் சேர்த்து உருக்கித் தலை செய்தாள். ஆறும்போதே பிளந்துகொண்டது. ஒரு கண்ணாடி வேகமாகச் சுருங்கும், இன்னொன்று மெதுவாகச் சுருங்கும். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்தியம்மாக்களைத் தங்க வைத்த மாதிரி, உள்ளுக்குள்ளேயே இழுபறி. பிறகு புரிந்துகொண்டாள். ஒரு பாகத்துக்கு ஒரே வகைப் போத்தல். உடம்பு பச்சை. பிடரி கருஞ்சிவப்பு. குளம்புக்கு வெள்ளை ரோஸ் தண்ணிப் போத்தல். எல்லாவற்றையும் பழைய இரும்புக் கட்டிலை அறுத்துச் செய்த கூட்டில் பொருத்தி ஒட்டினாள். இடுப்புயரக் குதிரை. வெயில் பட்டால் தரையெல்லாம் பச்சை நிழல் விழுந்தது.

கொண்டு போகும்போது அண்ணனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "மேல எதயும் ஊத்தாதீங்கண்ணே. ஈரத் துணியால தொடச்சி மாலை போட்டா போதும்." கண்ணாடிக்காரி பயம் அது. கண்ணாடியை ஆண்டு பழகியவர்களுக்கு எதையும் ஊற்றுவதில் ஒரு பயம் உண்டு. சுகுமாரனும் தலையாட்டினான்.

போன வருஷத் திருவிழா. உச்சி வெயில். உருமி மேளம் காதைக் கிழிக்கிறது. சாமிக்கு அபிஷேகம் முடிந்தது. அடுத்தது குதிரை. சாமியைக் குளிப்பாட்டி சாமியின் குதிரையைக் குளிப்பாட்டாமல் விட்ட பூசாரி எந்த ஊரிலும் இல்லை. கூட்டத்திலிருந்து யாரோ பால் சொம்பை நீட்டினார்கள். சுகுமாரனின் கை தானாகவே வாங்கியது, தானாகவே சாய்த்தது.

டக்கென்று ஒரு சத்தம். மேளத்தையும் மீறிக் கேட்டது. குதிரையின் நெஞ்சில் மயிரிழை போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழுத்துக்கு ஏறி, வயிற்றுக்கு இறங்கி, நெஞ்சு இரண்டாகப் பிளந்து விழுந்தது.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் காளியம்மா மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "சாமி ஏத்துக்கல."

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. பீடோரில் நல்ல பூசாரி ஒருவர் இருக்கிறார், அவரை அழைத்து வரலாம் என்று ஒரு பேச்சு எழும்பியது. கோயில் பொருளை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டது பூசாரி, தங்கச்சி பேச்சைக் கேட்டது பூசாரி, அதனால் குற்றமும் பூசாரி மேல்தான் என்றார்கள். புஷ்பலதாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

சுகுமாரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தான். "சாமி ஏத்துக்கலன்னு நீங்க சொல்றீங்க. சாமி எங்கிட்ட அப்படிச் சொல்லல. அடுத்த திருவிழாவுக்கு இதே எடத்துல, இதே போத்தல்ல குதிரை நிக்கும். பால் ஊத்தியும் நிக்கும். நிக்கலன்னா நான் நிக்கல. பீடோர்க்காரர நானே லோரியில ஏத்திக் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."

வெளியே வந்ததும் புஷ்பலதா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள். "ஒங்கள யாருண்ணே அப்படிச் சொல்லச் சொன்னா? தாத்தா ஏத்துன வெளக்குண்ணே அது!"

"சொல்லிட்டேன்ல. போயி குதிரையச் செய்" என்றான் அவன். உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி அவளிடமே கொடுத்தான்.

சாக்கு பின்கட்டில் மாதக்கணக்காகக் கிடந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. காளியம்மா சொன்னது பொய்யென்று அவளால் முழுசாக நினைக்க முடியவில்லை. சாமி கோபமாக இருந்தால் எத்தனை குதிரை செய்துதான் என்ன? அண்ணன் வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போகும்போதெல்லாம், இவளுக்கு இங்கே சோறு இறங்காது. தர்மேந்திரன் மட்டும் அவன் பாட்டுக்குப் பேசுவான். "அந்தச் சாக்க அவுத்தா என்ன, குதிரை ஒதைக்குமா?"

இப்படியிருக்க, ஒருநாள் அண்ணியைப் பார்க்கச் சுங்கை சிப்புட் போனவள், வழியில் தாவூத் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தாள். தாவூதின் வாப்பா அந்தக் காலத்தில் தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சன்னாசியும் அவரும் அண்ணன் தம்பி போல. அந்தப் பழக்கத்தில் தாவூதுக்கு இவள் தங்கச்சி.

மத்தியானக் கூட்டம். தாவூத் கொதிக்கிற தேத்தண்ணியைக் கிளாஸில் ஆற்றிக்கொண்டிருந்தார். யாரோ ஐஸ் போட்டது கேட்டார்கள். அவர் கையிலிருந்த சூட்டுக் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு, அதிலேயே ஒரு அள்ளு ஐஸைப் போட்டார். டக். கிளாஸின் அடி அப்படியே கழன்று மேசையில் நின்றது.

கல்லாவிலிருந்து அவர் மனைவி ஆசியா கத்தினாள். "மறுபடியுமா? இந்த மனுஷன் ஒடைக்கிற கிளாஸுக்கே தனிக் கடை வைக்கலாம்!"

"கை தவறிருச்சிமா."

"கை தவறல. புத்தி தவறிருச்சி. சூடா இருக்கறதுல ஐஸப் போடாதீங்கன்னு நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

புஷ்பலதா அந்தச் சத்தத்திலேயே நின்றுபோனாள். அதே சத்தம். போன வருஷம் மேளத்தை மீறிக் கேட்ட அதே சத்தம். அடுப்பை அவசரப்பட்டுத் திறந்தால் கண்ணாடி வெடிக்கும் என்று தெரிந்தவள்தான் அவள். ஆனால் கோயிலில் நடந்ததைக் கோயில் காரியமாகவே நினைத்திருந்தாளே தவிர, கண்ணாடிக் காரியமாக ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அங்கேயே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, போன வருஷம் பால் எதுல வந்துச்சி?"

"எந்தப் பால்? நான் லோரியில இருக்கேன்லா."

"திருவிழாப் பால்."

"ஐஸ் பெட்டியிலதான். வேற எதுல வரும்? பாக்கெட் பாலு. அந்த வெயில்ல கெட்டுறாதா?"

"அப்பா காலத்துல?"

"அப்ப ஏது பாக்கெட்? தோட்டத்து மாட்டுக் கொட்டாய்ல கறந்து, நொர அடங்காம அப்படியே சூடா கொண்டாந்து..." என்றவன் நிறுத்தினான். பிறகு, "அடி ஆத்தாடி!" என்றான்.

"வெயில்ல காஞ்ச குதிரை மேல ஐஸ் பாலுண்ணே."

"ஐஸ் பாலு" என்றான் அவனும். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே ஓரமாக லோரியை நிறுத்திவிட்டான் போலிருக்கிறது, பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். இவளுக்கும் இங்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாவூத் பதறிப்போய், "என்னாச்சி தங்கச்சி, தேத்தண்ணி சுட்டுருச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாக்கை அவிழ்த்தாள். ஒரு தடித்த துண்டை வெயிலில் காய வைத்து ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். பிளந்தது. இன்னொன்றைக் காய வைத்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி செய்து பார்த்தாள். அப்படியேதான். அவள் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கியது, மறுசோறும் போட்டுக்கொண்டாள். தர்மேந்திரன் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, "நாளைக்கும் ரெண்டு துண்ட ஒடைச்சிக்க. வீட்டுக்கு நல்லதா இருக்கு" என்றான்.

பழைய குதிரையின் துண்டுகளையே மறுபடி உருக்கினாள். உடைந்த கண்ணாடிக்கு அது ஒரு வசதி, அடுப்புக்குள் போனால் உடைந்ததே மறந்துவிடும். ஆனால் இந்த முறை கட்டியாகச் செய்யவில்லை. தடித்த கண்ணாடியில் வெளியே ஒரு சூடு, உள்ளே ஒரு சூடு என்று நின்றுவிடுகிறது. அதனால் மெல்லிய வில்லைகளாக வார்த்து, மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்று படியவிட்டு, இடையில் இடைவெளி விட்டுக் கூட்டில் கட்டினாள். ஒவ்வொரு வில்லைக்கும் நெகிழ இடம் இருந்தது. பார்க்கிறதற்குப் போன வருஷக் குதிரையைவிட இதில்தான் உயிர் இருந்தது. காற்றடித்தால் லேசாகக் கிணுகிணுத்தது.

திருவிழா வந்தது. சூட்டுப் பாலுக்குத் தாவூத் பொறுப்பு. "மொகத்துல ஊத்துனா மொகம் சுளிக்காத பதத்துல கொண்டாந்துர்றேன்" என்று சொல்லியிருந்தார். சுகுமாரனுக்கு அதுவும் போதவில்லை. குதிரைக்கு மேலே கன்வாஸ் கட்டி நிழல் செய்தான். காலையிலிருந்தே ஒரு வாளியும் குவளையுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டு, குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரை மேல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே இது?"

"காச்சக்காரன் மேல ஐஸ் தண்ணி ஊத்துனாதான் துள்ளுவான். ஏற்கனவே குளிச்சிட்டு நிக்கறவன் மேல ஊத்துனா என்னா பண்ணுவான்? குளிருதுன்னுவான். அவ்ளோதான்." சொல்லிவிட்டு இன்னொரு குவளை ஊற்றினான்.

உச்சி நேரம் உருமி ஏறியது. கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். குதிரை நிற்குமா, பூசாரி நிற்பாரா என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். தாவூத் வேனில் வந்து, துணி சுற்றிய பெரிய பாத்திரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு வேலியோரம் நின்றார். சுகுமாரன் சொம்பில் எடுத்துச் சாய்த்தான். வெதுவெதுப்பான பால் செதில் செதிலாக இறங்கி வழிந்தது. ஒரு சத்தமும் இல்லை. புஷ்பலதாவுக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு வருவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளியம்மா வந்தாள். கையில் பித்தளைச் சொம்பு. சொம்பின் வெளிப்புறமெல்லாம் வேர்த்திருந்தது. தனேஷின் மனைவிக்குச் சுகப்பிரசவமாகி, பேரன் பிறந்து, முதல் திருவிழா இது. வேண்டுதல் பால்.

புஷ்பலதா ஓடிப்போய்ச் சொம்பைத் தொட்டாள். கை சில்லிட்டது. "அத்தே, அத்தே, கொஞ்சம் நில்லுங்க. இதோட கொஞ்சம் சூட்டுப் பாலக் கலந்துக்கலாம்."

"வேண்டுதல் பாலுல அடுத்தவங்க பாலக் கலக்கறதா? நல்லாருக்கேடி நாயம்."

"அத்தே, ஐஸ் மாதிரி இருக்கே..."

"ஐஸ் பெட்டியில வச்சிருந்தா ஐஸ் மாதிரிதான் இருக்கும்."

புஷ்பலதா அண்ணனைப் பார்த்தாள். சுகுமாரன் குதிரை மேல் கடைசியாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். அப்புறம் ஒதுங்கி நின்று, விடு என்று கையைக் காட்டினான். அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தாத்தா, அப்பா, இவன், மூன்று பேர் ஏற்றிய விளக்கு. அதை ஒரு சொம்புப் பாலுக்கு விட்டுவிட்டானே!

காளியம்மா சொம்பை உயர்த்தினாள். குதிரையின் காதோரம் சாய்த்தாள். ஐஸ் பால் குதிரையின் தலையில் விழுந்து, பிடரியில் பிரிந்து, நெஞ்சில் இறங்கியது.

டங்கென்று ஒரு சத்தம்.

மேளம் நின்றது. புஷ்பலதா முழங்காலிட்டு உட்கார்ந்து, குதிரையின் நெஞ்சைத் தடவினாள். கழுத்து. தோள். வயிறு. ஒவ்வொரு செதிலாக விரலை ஓட்டினாள். ஒரு கோடு இல்லை. ஒரு கீறல் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் காளியம்மா சொம்பைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். சொம்பின் விளிம்பு குதிரையின் காதில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இடித்த சத்தம்தான் அது. குதிரைக்கு ஒன்றுமில்லை. சொம்பில்தான் ஒரு சொட்டை.

"சொம்புண்ணே" என்றாள் புஷ்பலதா. மறுபடி சொன்னாள். "சொம்புதாண்ணே இடிச்சிருச்சி!"

சுகுமாரன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பூசாரி உட்காருகிற இடமா அது? யாரும் கேட்கவில்லை. மேளக்காரன் ஒருவன் தானாகவே ஒரு தட்டுத் தட்டினான். பின்னால் இருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று தெரியாமலே, "முனியாண்டிக்கு..." என்று குரல் கொடுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தனேஷ் வந்து சுகுமாரனின் தோளில் கையை வைத்தான். "எழுந்திரிங்கண்ணே, அருச்சனைக்கு ஆள் நிக்குது" என்றான். பீடோர்ப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

காளியம்மாதான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. புஷ்பலதா அவள் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிவந்தாள். "என்னத்தே, பயந்துட்டீங்களா?"

"பயப்படாம?" காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன வருஷம் வாய் தவறி ஒண்ணச் சொல்லிப்புட்டேன். அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது. இன்னிக்கி எங்கையாலயே ஒடைஞ்சிருந்தா, எம் பேரனச் சாமி ஏத்துக்கலன்னுல ஆவும்? வீரம்மா மவளே, நீ நல்லாருப்ப. ஒடையாம செஞ்சியே."

"அப்ப சூட்டுப் பால் கலக்கச் சொன்னப்ப கலந்திருக்கலாம்ல அத்தே?"

"வேண்டுதல் வேண்டுதல்தானே?" என்றாள் காளியம்மா.

பந்தியில் புஷ்பலதா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆட்டுக் குழம்பு. அவள் இலையில் சோறு தீரத்தீரச் சுகுமாரன் வாளிக்காரனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னான், லயத்து வீட்டில் ஊட்டிவிட்ட காலத்தைப் போல. தர்மேந்திரன் எதிர் வரிசையிலிருந்து, "மச்சான், போதும். அவள லோரியிலதான் ஏத்தணும்" என்றான். வேலியோரம் நின்ற தாவூதுக்கு யாரோ ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார்கள்.

கிளம்பும்போது காளியம்மா மறுபடி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே காலி ஸ்டவுட் போத்தல்கள். கழுவி, மூடி எடுத்து, மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட உரித்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

"எல்லாம் ஒரே கம்பெனிதான். நல்லாப் பாத்துக்க" என்றாள். "வேற வேற கம்பெனின்னா ஒத்துப் போவாதாம்ல. ஒங்கண்ணன் சொன்னான்."

புஷ்பலதா பையை வாங்கி லோரியில் ஏறினாள். சுகுமாரன் எஞ்சினைக் கிளப்பினான். வளைவில் திரும்பும்போது பார்த்தாள். மாலை வெயில் கன்வாஸுக்கு அடியில் நுழைந்திருந்தது. முனியாண்டியின் காலடியில் பச்சை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ அதற்குள் புதிதாக ஒரு பீர் போத்தலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அண்ணே, அது என்னா கம்பெனின்னு பாத்தீங்களா?"

"வெள்ளிக்கெழம பாத்துச் சொல்றேன்" என்றான் சுகுமாரன்.